லஹிஞ்சில் ஒரு வெள்ளைக் கல்

பாலிபனியனா லஹிஞ்சா என்று மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும், டிராவல்ஸ்காரர் அதற்குமேல் காத்திருக்க மாட்டார், மயில்சாமி பாலிபனியன் என்கிறான், வரதண்ணன் லஹிஞ்ச் என்கிறார், மூன்று பேரில் மிச்சமிருப்பவன் நான், என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அயர்லாந்துப் பயணத்தின் கடைசி நாள் கோல்ஃப் ஆட்டம் எந்த மைதானத்தில் என்று முடிவாகிவிடும், நானோ கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் ஸ்டீல் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூடச் சொன்னது டெஸ்ட் எடுக்கிற பொண்ணு. தாரணி என்று சட்டையில் பேர் குத்தியிருந்தாள். "சார், டெஸ்ட்டு சரியா வரலைங்க சார். திரும்ப எடுக்கோணும். கொஞ்ச நேரம் கண்ண மூடி ரெஸ்ட் எடுங்க, நானே வந்து கூப்புடறேன்" என்றாள். சரியா வரலைன்னா என்னம்மா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கதவைப் பாதி சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "லைட்டே வராதப்பக்கூட நீங்க பட்டனை அமுக்கியிருக்கீங்க சார். மெசினு அப்பப்ப சும்மா சத்தம் மட்டும் போடுமுங்க, லைட்டு வுடாது. அப்பவும் அமுக்கியிருக்கீங்க." என்னைவிட முப்பது வயசாவது சின்னவள். மோட்டார் பம்பு வார்க்கிற பவுண்டரி முதலாளி, கோயமுத்தூரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற மனுசன், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன். "கூட யாரும் வரலீங்களா சார்?" என்றாள். இல்லை என்றேன். வசந்தாமணியிடம் பெருந்துறையில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இத்தனை வருசக் குடித்தனத்தில் நான் பெருந்துறைக்குப் போகிறேன் என்றால் அவள் நம்புவாள்.

சரி, கண்ணை மூடியாயிற்று, மைதானத்தை நினைப்போம். மைதானத்தை நினைத்தால் பயம் வராது. பாலிபனியன். கடலோரம், மணல் மேடு, கட்டையான புல், காற்று. முதல் குழிக்கு அடிக்க நிற்கிற இடத்திலேயே வலது பக்கம் கல்லறைத் தோட்டம். நிஜமான கல்லறைத் தோட்டம், சிலுவை சிலுவையாக நிற்கிறது, மயில்சாமி படம் அனுப்பியிருந்தான். கூடவே குரல் பதிவு வேறு, அவன் எழுதுவது கிடையாது, திருப்பூரில் மெசின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. "மாப்ள, பேருலயே பனியன் இருக்குது. திருப்பூர்க்காரன் போகாம வேற எவன் போவான்? பந்து வலது பக்கம் போச்சுன்னா அக்கட்டால படுத்திருக்கறவங்க எடுத்துக் குடுப்பாங்க, நீ கவலைப்படாத." வலது பக்கம். எனக்கு வலது பக்கம்தான் ஆகாது. பந்து வலது பக்கம் போனால் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், போனால் என்ன, போகாவிட்டால் என்ன, எனக்குத் தெரியப்போவதில்லை. மட்டை பந்தைத் தொடுகிற சத்தம் கேட்கும், நல்ல அடியா சொத்தை அடியா என்று கை சொல்லிவிடும், தலையைத் தூக்குவேன், வானம் இருக்கும். முழு வானம். ஓட்டையில்லாமல், கருப்பில்லாமல், கழுவி வைத்த மாதிரி இருக்கும். பந்து மட்டும் அதில் இருக்காது. பார்வை போகிறது என்றால் இருட்டாகும் என்று நினைத்திருந்தேன். இருட்டானால் பரவாயில்லை, இருட்டு இருக்கிற இடத்தில் ஏதோ இல்லை என்றாவது தெரியும். இது அப்படியில்லை. எது இல்லையோ அது இல்லாமலே எல்லாம் சரியாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் யாருக்குப் புரியும், எனக்கே புரியப் பல மாதம் ஆனது, அதுவரை பந்து கம்பெனிக்காரன் ஏதோ மட்டமாகப் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பாலிபனியன் வேண்டாம். அப்புறம் டப்ளின் பக்கத்தில் ஒன்று, உள்நாட்டு மைதானம், மரம், குளம், பார்க்கு மாதிரி. அதை நான்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எடுத்துப் போட்டேன். மைதானத்துக்குள் சுற்ற வண்டி கொடுப்பார்கள், முட்டி வலி என்று சொல்லி வண்டியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், இரண்டு பேர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, பார்ப்பது மாதிரி இருந்துகொண்டே, நாளை ஓட்டிவிடலாம். போட்ட உடனே வரதண்ணன் திட்டினார். "ஏப்பா குழந்தை, அவ்வளவு தூரம் போயி வழவழன்னு புல்லுத்தரையில ஆடறதுக்கு இங்கியே ஆடலாமே. பழனிக்குப் போயி அடிவாரத்துல பஞ்சாமிர்தம் வாங்கிட்டுத் திரும்பற மாதிரி." குழந்தைவேலு என்கிற பேரைப் பாதியாக வெட்டிக் குழந்தை என்று கூப்பிடுகிற உரிமை ஊரில் அவர் ஒருத்தருக்குத்தான். மில்லுக்கு மில் நூற்பு மெசின் மாட்டிக்கொடுத்த கை, எழுபது தாண்டியும் நடுங்காது. போன வருசம் வரை அவர்தான் அயர்லாந்தெல்லாம் அடுத்த வருசம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். திடீரென்று பொங்கல் கழித்து வந்து, இந்த வருசமே போயிடலாம், தள்ளிப்போட்டா ஆகாது என்றார். முகத்தைப் பார்த்தால் ஏதோ மறைக்கிற மாதிரி இருந்தது. மனுசனுக்கு ஏதோ பெரிய வியாதி, சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதிலிருந்து நடக்கும்போது பாவம் அவரை வெயில் படாத பக்கம் விடலாம் என்று பார்த்தால் கேட்க மாட்டார், எப்பவும் என் வலது பக்கமே வந்து நடப்பார். நான் இடம் மாறினால் அவரும் சுற்றிக்கொண்டு வலது பக்கமே வந்து நிற்பார். வயசாக ஆக மனுசனுக்கு ஒவ்வொரு பிடிவாதம்.

உள்ளே யாரோ பெண்பிள்ளைக்கு டெஸ்ட் நடக்கிறது, தாரணியின் குரல் கதவு வழியாகக் கேட்கிறது, "நேரா மஞ்ச லைட்டையே பாருங்கம்மா, கண்ண அங்க இங்க ஓட்டாதீங்க, சுத்தி எங்கியாவது லைட்டு மின்னுச்சுன்னா அமுக்குங்க." நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். தாடையை வைக்க ஒரு இடம், நெற்றியை ஒட்ட ஒரு பட்டை, இடது கண்ணுக்கு மூடி, முன்னால் வெள்ளைக் கிண்ணம், கையில் பட்டன். கிண்ணம் வெறிச்சென்று இருந்தது. உள்ளேயிருந்து டிக் என்று சின்னச் சத்தம். அப்புறம் ஒரு வெளிச்சம், கடுகளவு, இடது பக்கம் மேலே. அமுக்கினேன். டிக். வெளிச்சம். அமுக்கினேன். டிக். ஒன்றும் இல்லை. டிக். ஒன்றும் இல்லை. டிக். ஒன்றும் இல்லை. பயம் வந்தது பாருங்கள், அந்த மாதிரிப் பயத்தை நான் பவுண்டரியில் உலை வெடித்த அன்றுகூட அறிந்ததில்லை. இவ்வளவா? இவ்வளவா போய்விட்டது? விரல் தானாக அமுக்கியது. சத்தம் வந்தால் வெளிச்சம் வந்திருக்கும் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொண்டது. மைதானத்தில் செய்கிற அதே வேலைதான், மட்டைச் சத்தத்தைக் கேட்டு, மயில்சாமி கழுத்தைத் திருப்புகிற பக்கத்தைப் பார்த்து, ஆகா நல்ல இடத்தில் விழுந்தது என்று நானும் தலையாட்டுவேன் அல்லவா, அதே வேலை. யாரை ஏமாற்ற? மெசினையா? டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார், கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு தேய்ந்திருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், எவ்வளவு போயிருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் மருந்தா ஆபரேசனா என்று முடிவு பண்ண முடியும் என்று. அப்புறமும் அமுக்கினேன். கிளப் பைனலில், புல்லுக்குள் கிடந்த பந்து நான் மட்டையை வைத்ததும் ஒரு மயிரிழை நகர்ந்தது, ஒருத்தரும் பார்க்கவில்லை, நானே கையைத் தூக்கி, பந்து நகர்ந்துவிட்டது, தப்புக்கு என் கணக்கில் ஒரு அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன், அடி கூடினவன் தோற்பான், அந்த ஒரு அடியில் கோப்பை போயிற்று. வருசா வருசம் விருந்தில் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்த ஆள்தான் இன்றைக்கு வெளிச்சமே வராத இடத்தில் வந்தது வந்தது என்று அமுக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு வழி இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது, வழி இருப்பது. இப்போது மெசினின் தந்திரம் தெரிந்துவிட்டது. எல்லாச் சத்தத்துக்கும் அமுக்கக் கூடாது, நடுநடுவே விட்டுவிட்டு அமுக்கினால் பிடிபடமாட்டேன். ரிப்போர்ட் சுமாராக வரும். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். கார் ஓட்டாதே என்று சொல்லமாட்டார். அயர்லாந்து போகலாம். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வருவதற்குள் எவ்வளவு போகும்? அப்பாவுக்குக் கண் எவ்வளவு நாளில் போனது என்று யாருக்கும் தெரியாது, அவர் சொன்னால்தானே தெரியும். காலடிச் சத்தம் கேட்டால் போதும், வாங்க வாங்க உக்காருங்க என்பார், யார் என்று கேட்கமாட்டார், கேட்டால் தெரிந்துவிடுமே. ஒருநாள் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு கன்றுக்குட்டி ஆசாரத்துக்குள், அப்பா உட்கார்ந்திருக்கிற முன்கூடத்துக்குள், வந்துவிட்டது. வாங்க வாங்க, வெய்யில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கறீங்களா என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கன்றின் நெற்றியைத் தடவினார், அது கன்றுதானா என்று அந்தக் கை தடவித் தேடியதைச் சிரித்தவர்களில் நான் ஒருத்தன்தான் பார்த்தேன். ஐயோ. இன்று காலையில் வரும்போது அவினாசி ரோட்டில், சிக்னலில் வலது பக்கம் திரும்பினேன், ரோடு காலியாக இருந்தது, சத்தியமாகக் காலியாக இருந்தது, அப்புறம் அங்கே ஒரு ஸ்கூட்டர் இருந்தது. எங்கிருந்தும் வரவில்லை, திடீரென்று இருந்தது. ஓட்டிய பெண் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள், காலை ஊன்றிவிட்டாள், முன்னால் நின்றிருந்த குழந்தையின் யூனிபார்ம் என் கார்க் கண்ணாடியை உரசுகிற தூரம். நான் பிரேக்கை அழுத்தியபடியே கும்பிட்டேன். அவள் திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம். சாவி இப்போதும் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருக்கிறது, திரும்பிப் போகும்போது ஓட்ட வேண்டுமே.

லஹிஞ்ச், லஹிஞ்சை நினை. அங்கே ஆடுகள் உண்டாம், வெள்ளாடுகள், அவை கிளப் பக்கம் ஒதுங்கினால் மழை வரும் என்று வைத்துக்கொள்வார்களாம். இது நல்லது, ஆட்டை நினைத்தால் பயம் குறைகிறது, எங்கள் பக்கத்து ஆடும் அதைத்தான் செய்யும். ஆடு கண்ணுக்குத் தெரியுமா என்று உடனே ஒரு கேள்வி வருகிறது பார். வலது பக்கம் நின்றால்? பந்து தெரியாது, காற்றில் மிதக்கிற வெள்ளைப் பந்து நல்ல கண்ணுக்கே சிரமம். மயில்சாமி என் பிறந்தநாளுக்கு ஆரஞ்சுப் பந்து ஒரு பெட்டி கொடுத்தான், ஏற்றுமதி பண்ணுகிறவன், உலகமெல்லாம் சுற்றுகிறவன், கண்ணைப் பறிக்கிற கலரில் பிள்ளை விளையாடுகிற மாதிரிப் பந்து. கடையில வெள்ளை தீந்துபோச்சு மாப்ள என்றான். கஞ்சன், எங்கேயோ தள்ளுபடியில் வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆடும்போது அவன் போடுகிற கூச்சல் வேறு. நான் அடித்து முடிப்பதற்குள் "வலது பக்கம் மாப்ள, வேலிக்கு உள்ளதான், அந்த வேப்ப மரத்துக்கு நேரா" என்று காடே கேட்கக் கத்துவான். முன்னெல்லாம் இப்படிக் கத்தமாட்டான். எனக்குத் தெரியாதாடா, எனக்குக் கண்ணில்லையா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவன் தண்ணீர் குடித்தான். அடுத்த குழியில் மறுபடியும் கத்தினான்.

போன் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தேன், திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள், பரவாயில்லை. எங்கள் மூவர் குழுவில் வரதண்ணனின் குரல் பதிவு. காதோடு வைத்துக் கேட்டேன். "மயிலு, நீ சொல்றதக் கேளு. அந்தக் கல்லறைப் பக்கம் வேண்டாம்ப்பா, வலது பக்கம் முச்சூடும் ஆபத்து, அவன் தடுமாறிப் போயிருவான். லஹிஞ்சுன்னா வேற. அங்க ஒரு குழியில கொடியே கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மணல் மேட்டுக்கு நடுவால பள்ளத்துல கெடக்குது. மேட்டு மேல ஒரு வெள்ளைக் கல்லு வெச்சிருக்காங்க, கொடியை எங்க நட்டாங்களோ அதுக்கு நேரா கல்லை நவுத்தி வெப்பாங்க. கல்லைப் பாத்து அடிச்சுட்டு நடக்க வேண்டியதுதான். அதுக்கு முந்தின குழியில மேட்டு மேல ஒரு ஆளே நிக்கறான், கொடி காட்டுவான். எவனா இருந்தாலும் அங்க பந்து விழறது தெரியாது. குழந்தைக்கும் நமக்கும் அங்க ஒரு வித்தியாசமும் இல்ல பாரு. அவனும் நிம்மதியா ஆடுவான். நீ லஹிஞ்சுன்னு ஒத்துக்க, அவனா வாயத் தொறந்து சொல்ல மாட்டான்." முடிந்தது. என்ன இது என்று மறுபடி கேட்பதற்காக விரலை வைத்தேன். விரலுக்கு அடியிலேயே அது போய்விட்டது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. மயில்சாமிக்கு மட்டும் அனுப்ப வேண்டியதைக் குழுவில் போட்டுவிட்டு, பார்த்துப் பதறி அழித்திருக்கிறார் கிழவர். கேட்டேனா இல்லையா என்று இரண்டு பேரும் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தெரியும். அவர்களுக்குத் தெரியும். எப்போதிலிருந்து? பொங்கலுக்கு முன்பிருந்தேவா? ஆரஞ்சுப் பந்து. வேப்ப மரத்துக்கு நேராக என்கிற கூச்சல். வலது பக்கமே வந்து நடக்கிற கிழவர், நான் வெயிலுக்கு ஒதுக்கப் பார்த்த கிழவர், அவருக்கா வியாதி, எனக்கல்லவா. இந்த வருசமே போயிடலாம் என்றாரே, தள்ளிப்போட்டால் ஆகாது என்றாரே, அவருக்கு ஆகாது என்று நான் நினைத்தேன், எனக்கு அடுத்த வருசம் கண் இருக்காது என்று அவர் நினைத்திருக்கிறார். காது மடல் சுடுகிறது. நான் தலையாட்டி ஆகா நல்ல அடி என்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். கன்றுக்குட்டியை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், என் இரண்டு சிநேகிதர்களும் சிரிக்காமல் நின்றிருக்கிறார்கள். முதலில் கோபம்தான் வந்தது, ஏண்டா என்னிடம் கேட்கவில்லை என்று. கேட்டிருந்தால்? எரிந்து விழுந்திருப்பேன், விழுந்தேனே. கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது, இது இன்னும் மோசமான பயம். இத்தனை நாளும் இது என் மண்டைக்குள் மட்டும் இருந்தது, ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம், என் பிரமையாக இருக்கலாம். இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள் என்றால் அது இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. நான் குருடாகிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல்லை இதுவரை நான் மனசுக்குள்கூடச் சொன்னதில்லை.

போனை வாயருகே கொண்டுபோனேன். என்ன பேசுவது? நான் ஒன்றும் கேட்கவில்லை என்பது போல, லஹிஞ்ச் சரிதான், டிராவல்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்று சொன்னால் எல்லாருக்கும் சௌகரியம். அவர்களும் கத்துவார்கள், நடப்பார்கள், நானும் தலையாட்டுவேன். சுவரில் கண்ணின் குறுக்குவெட்டுப் படம், நரம்பு மஞ்சளாக வால் மாதிரி பின்னால் போகிறது. போனில் பதிவுப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வரதண்ணா, லஹிஞ்சே போலாமுங்ணா" என்றேன். விரலை எடுக்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது, என் மூச்சுச் சத்தம் அதில் போய்க்கொண்டே இருந்தது. "அந்த வெள்ளைக் கல்லு எவ்வளவு பெருசு இருக்குமுங்ணா?" என்றேன். விரலை எடுத்தேன், போய்விட்டது. மயில்சாமி பதிவு செய்துகொண்டிருக்கிறான் என்று காட்டியது, அப்புறம் நின்றது, அப்புறம் மறுபடி காட்டியது.

"வாங்க சார்" என்று தாரணி கதவைத் திறந்தாள். எழுந்து போனேன். தாடை, நெற்றி, இடது கண்ணுக்கு மூடி. "லைட்டு தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க சார். தெரியலைன்னா அமுக்க வேண்டியதில்ல. அது தப்பில்லைங்க" என்றாள். முன்னாலேயே தெரிந்துதானே இருந்தது எனக்கு, தப்பில்லை என்று. விளக்கை அணைத்தாள். வெள்ளைக் கிண்ணம், நடுவில் மஞ்சள் வெளிச்சம். டிக். இடது மேலே ஒன்று மின்னியது, அமுக்கினேன். டிக். மின்னியது, அமுக்கினேன். டிக். ஒன்றும் இல்லை. கட்டைவிரல் எழுந்தது, பட்டனைத் தொட்டது, நின்றது. டிக். ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் சாவிக்குப் பக்கத்தில் போன் அதிர ஆரம்பித்தது, பதிவு இல்லை, யாரோ கூப்பிடுகிறார்கள், எடுக்க முடியாது, கண்ணை நகர்த்தக் கூடாது. டிக். ஒன்றும் இல்லை. எவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது, அப்பா, எவ்வளவு பெரிய இடம். பயமாக இருந்தது, வாய்விட்டுக் கத்தலாம் போல இருந்தது. டிக் என்றது மெசின். நான் அமுக்கவில்லை.